சரசாவின் அமெரிக்கப் பெட்டி

கொரட்டூர்,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அருமை மருமகள் மோகனப்பிரியாவுக்கு உன் தாய்மாமன் தசரதன் எழுதுவது. கொரட்டூர் ஏரி சாட்சியாக, எவருமே நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் கடைசி வரி வரைக்கும் படி.

போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் வீட்டில்தான் போன் எப்போதும் ஸ்பீக்கரில் கிடக்கிறதே. இங்கே நான் இருமினால் அங்கே மாப்பிள்ளை அபிஷேக் மருந்து சொல்கிறார். அதனால்தான் அங்கே வரப்போகும், உன்னோடு படித்த காட்டுப்பாக்கம் ரேஷ்மாவிடம், பூண்டு ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளைச் சக்கரவர்த்தி ஊறுகாய்ப் பையைத் தொடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

இங்கே விசேஷம் என்னவென்றால், உன் அம்மா, அதாவது என் அக்கா சரசா, அமெரிக்காவுக்குப் புறப்பட்டுக்கொண்டே இருக்கிறாள். பூந்தமல்லியில் ஸ்வெட்டர் வாங்கி, ஆடி வெயிலில் போட்டுப் பழகியதில் தெருவே வியர்த்துவிட்டது. பெட்டி கூடத்தின் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றி வர ஷேர் ஆட்டோ விடலாமென்று பேச்சு. "ஐப்பசி வந்தா எம் பொண்ணுக்குக் கண்ணாலமாயி மூணு வருசம். அமெரிக்கா குடிமகனைக் கட்டிக்கினா மூணு வருசத்துல அவளும் குடிமகளாம். அப்பால என்னைக் கூப்ட்டுக்குவா. அதுவரிக்கும் பல்லைக் கடிச்சிக்கினு இருடின்னு சொல்லிக்கீறேன்" என்று கீரைக்காரி வரைக்கும் சொல்லியாயிற்று.

பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. போன மாதம் வீடியோவில் முழுக்கை ஸ்வெட்டரோடு வந்தாய். அங்கே நல்ல கோடை என்று சொன்னவளும் நீதான். இடது கையைக் கடைசிவரை காட்டவே இல்லை. "நல்லாத்தான் கீறேன் மாமா" என்றாய். நான் கேட்டதோ, சாப்பிட்டாயா என்று.

உடனே படை திரட்டினேன். ஆறு யானை, நாலு பீரங்கி. அவை சென்னீர்குப்பம் டிராபிக்கில் மாட்டிக்கொண்டதால் தனி ஆளாகப் பஸ் ஏறிப் பூந்தமல்லி போனேன். அங்கே வெளிநாட்டுக் காகிதங்கள் பார்க்கிற மைதிலி என்று ஒரு வக்கீலம்மா. அவர் சொன்னதில் மட்டும் நான் உப்பு, காரம் சேர்க்கவில்லை.

கல்யாண நாள் கணக்கே இல்லையாம். பச்சை அட்டை, அதுதான் கிரீன் கார்டு, கிடைத்த நாளிலிருந்துதான் மூன்று வருடமாம். விசாவுக்காக இரண்டு வருடத்துக்கு மேல் இங்கே காத்திருந்தாயே, அது காற்றோடு போயிற்று. நீ போய் இறங்கிய இந்தத் தையிலிருந்து எண்ண வேண்டும். அதுவும் அவனோடு ஒன்றாக வாழ்ந்தால்தான். குடியுரிமை மனுவை மட்டும் மூன்று மாதம் முன்னால் போடலாமாம். ஆக, இந்த ஐப்பசியில் உனக்கு எதுவும் விடியாது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பல்லைக் கடிக்க வேண்டும். அதுவரை பல் மிஞ்சுமா என்று சட்டம் சொல்லவில்லை.

பிரிந்து வந்துவிட்டால்? மூன்று வருடம் ஐந்தாகும், அவ்வளவுதான். உன்னுடையது பத்து வருட அட்டை. கோபம் வந்தால் பிடுங்கிக்கொள்ள அது அவன் வாங்கித் தந்த சேலை இல்லை. கை நீட்டுகிற புருஷன் என்றால் மூன்று வருடத்திலேயே வேறு வாசலும் இருக்கலாம், அங்கேயே ஒரு வக்கீலைப் பார்க்கட்டும் என்றார். எனக்கு எதுவும் தெரியாது. உனக்குத் தெரியும்.

அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் கொரட்டூரில் நிற்காத ரயிலெல்லாம் நின்றது. "எம் பொண்ணு அங்க இன்னா பாடு பட்டுக்கினு கீறாளோ, நான் இங்க பொட்டி கட்டிக்கினு கீறேனே" என்று பெட்டியைத் தூக்கி வீசினாள். அது அம்பத்தூரைத் தாண்டி ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் டாங்கிகளுக்கு நடுவே விழ, பகைவன் வந்துவிட்டான் என்று அங்கே சங்கு ஊதினார்கள்.

ரேஷ்மா மூன்று வாரம் அங்கே இருப்பாள். அவள் தங்குமிடத்தில் உனக்கும் ஒரு படுக்கை உண்டு. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள். மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும். பிறகு அங்கேயே தனியாக இருப்பாயோ, இங்கே வருவாயோ, உன் இஷ்டம்.

நூறு வயது வாழ்வாய் தாயே. அதில் ஒரு நாளைக்கூட எங்களுக்காக அந்த வீட்டில் கழிக்காதே.

இப்படிக்கு,
உன் மாமன் தசரதன்

பி.கு: யானைகள் பொய். ரயில் எதுவும் நிற்கவில்லை. சரசா சத்தமே போடவில்லை, பெட்டியும் பறக்கவில்லை. அவள் உட்கார்ந்து, ஸ்வெட்டர் முதற்கொண்டு தன் துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டாள். அது மட்டும் நிஜம். பெட்டி இப்போது காலி.