ஆரோக்கியமான தன்னார்வலருக்கு

அண்ணா,

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வாரம் தொடங்குவதற்கு முன்னால் லேப் ஃப்ரீசரைச் சுத்தம் செய்யும் வேலை இந்த வருஷமும் எனக்குத்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள் நான் ஸ்வெட்டரோடு வருவேன். வேன் ஷெட்டைத் தாண்டும்போது, "என்னம்மா, இன்னைக்கு ஊட்டிக்குப் பயணமா?" என்று கேட்பீர்கள். தர்மபுரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டவளைப் பார்த்து ஷெட்டில் இருக்கிற எல்லாரும் சிரிப்பார்கள். இந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. உங்கள் இடத்தில் புதிதாக வந்திருக்கும் டிரைவருக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது.

மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டி அது. கையுறை போட்டாலும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் விரல் தாங்காது. கால அவகாசம் முடிந்த ரத்த மாதிரிகளை எடுத்து, நோட்டில் குறித்துவிட்டு அழித்துவிட வேண்டும். கடைசித் தட்டில் பனி மூடிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் சுண்டுவிரல் அளவுக் குப்பிகள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் பனியைத் துடைத்தேன். நீல மூடி. பக்கத்தில் என் கையெழுத்தில் 'சி 14' என்று எழுதியிருந்தது.

அந்தக் குப்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஃப்ரீசர் கதவு திறந்திருக்கிறது என்று மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் மூடினேன். சீரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு ஒரு தடவை காட்டியிருக்கிறேன். ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் அது. நல்ல மாதிரி என்றால் வைக்கோல் நிறத்தில் இருக்கும். கெட்டுப்போன மாதிரி என்றால் சிவந்து கிடக்கும். அதைச் சொல்ல மெஷின் வேண்டாம், கண் போதும். என் கையில் இருந்தது வைக்கோல் நிறம்.

எனக்கு நினைவிருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்க்காமலே நினைவிருந்தது. 'சி 14. மாதிரி கெட்டது. நீக்கப்பட்டது.' எழுதியவள் நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் துறையில் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வேலை நடந்தது. நோயாளிகளின் ரத்தம் மட்டும் இருந்தால் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். எங்கள் பேச்சில் அவர்கள் 'கன்ட்ரோல்', குப்பியில் 'சி'. அதற்கு எங்கே போவது? ஆபீஸ் ஆட்கள், வாட்ச்மேன்கள், தோட்டக்காரர்கள் என்று வளாகத்துக்குள்ளேயே பிடித்தோம். நீங்கள் கூப்பிடாமலே வந்தீர்கள். "கிராமம் கிராமமா எல்லார்த்து ரத்தத்தையும் வேன்ல ஏத்திட்டு வரேன், என்னுதை மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறீங்களே" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

சம்மதப் படிவத்தை நீங்களே படிக்க வேண்டும் என்றேன். கண்ணாடி பாப்பாரப்பட்டியில் வீட்டிலேயே இருக்கிறது என்றீர்கள். நான்தான் படித்துக் காட்டினேன். பெயரைச் சொல்ல மாட்டோம், எண் மட்டும்தான். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். பரிசோதனையில் உங்கள் உடல்நலம் பற்றி ஏதாவது தெரிய வந்தால் உங்களுக்குத் தெரிவிப்போம். அந்த வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தினீர்கள்.

"ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லிருவீங்கல்ல?"

"சொல்லிருவோங்க அண்ணா."

"அப்பச் சரி, குத்துங்க."

அவ்வளவுதான் நம் ஒப்பந்தம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆராய்ச்சி வாரத்துக்கு முந்தைய நாட்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஹாலில் போஸ்டர் மாட்டக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் வாசலில் சிறுநீரகத்தையும் இதயத்தையும் கோலமாகப் போட்டுப் பார்த்து, வரவில்லை என்று அழிப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வர உங்கள் வேனுக்குக் காலையும் மாலையும் ஓட்டம். அந்தச் சமயத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மறுநாள் போஸ்டர் பிரிண்டுக்குப் போக வேண்டும். படத்தில் நோய் இல்லாதவர்களின் புள்ளிகள் எல்லாம் கீழே கூட்டமாக இருந்தன. ஒன்று மட்டும் மேலே, நோயாளிகளின் உயரத்துக்குப் போய்த் தனியாக நின்றது.

"இது சாம்பிள் கெட்டிருக்கும்ங்களா மேடம்?"

"கெட்டிருக்கும்" என்றேன்.

ஃப்ரீசரைத் திறந்து பார்த்திருக்கலாம். ஸ்வெட்டர் நாற்காலியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்க்க ஐந்து நிமிஷம். எண்ணுக்கு உரிய பெயர் என் மேஜை இழுப்பறையிலேயே பூட்டி இருந்தது. அது இன்னும் இரண்டு நிமிஷம். எனக்கு அலுப்பாக இருந்தது, அண்ணா. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன். நோட்டில் அந்த ஒரு வரியை எழுதினேன், புள்ளி போய்விட்டது, படம் அழகாக வந்துவிட்டது.

அதே வாரத்தில்தான் ஷெட்டில் நின்று கேட்டீர்கள். "என் ரத்தம் எப்படிம்மா இருக்குது? பாசா பெயிலா?"

"நல்லா இருக்குங்க அண்ணா, முதல் மார்க்" என்றேன். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நிறைவு விழாவில் எங்கள் போஸ்டருக்கு இரண்டாம் பரிசு. ரத்தம் கொடுத்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். 'ஆரோக்கியமான தன்னார்வலர்' என்று கொட்டை எழுத்து, அதன் கீழே பெயர். அடியில் பேராசிரியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதே என்று, மாதிரி எடுத்தவர் என்ற முறையில் என்னைப் போடச் சொன்னார்கள். அச்சடித்த தாளில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. பழைய காகிதத்தில் பத்துத் தடவை எழுதிப் பழகி, கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால் விட்டேன். நீங்கள் இஸ்திரி போட்ட யூனிபார்மில் மேடை ஏறி, துணைவேந்தரிடம் வாங்கிக்கொண்டு, நேராக என்னிடம் வந்து அந்த வாலைத் தொட்டுக் காட்டினீர்கள். "இது உங்க கையெழுத்துங்களா? மாட்டுச் சாட்டையாட்டம் இருக்குது." நான் பெருமையாகச் சிரித்தேன்.

மறு வருஷம் சேலத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர்க் கணவாயில் லாரிகள் நின்றுவிட்டன. ஏதோ விபத்து. டீக்கடை ஓரமாக வேனை நிறுத்தினீர்கள். அன்றைக்குத்தான் பார்த்தேன், ஷூ இல்லாமல் ரப்பர் செருப்போடு வந்திருந்தீர்கள். காலில் செருப்பு வார் பதிந்து குழி விழுந்திருந்தது. டாக்டரிடம் காட்டினீர்களா என்றேன்.

"உக்காந்தே ஓட்டறமில்ல, அதான் நீர் கோத்துக்குது. நம்மளுக்கு யுனிவர்சிட்டியே சர்டிபிகேட் குடுத்திருக்குதே!"

நானும் சிரித்தேன். சிறுநீரகம் வடிகட்டாமல் விட்டால் முதலில் கால்தான் வீங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். ஏனென்றால் நானே உங்களிடம் நல்லா இருக்கு என்று சொல்லியிருந்தேன், அதை நானும் நம்பிவிட்டேன். லாரிகள் நகர்ந்தன. இரண்டாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயங்கி விழுந்தீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரையில் நிறுத்திப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போன வருஷம் போய்விட்டீர்கள். காரியத்துக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. அழுதேன்கூட. அப்போது எனக்கு அழுகை வந்தது.

இப்போது வரவில்லை. குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்து பட்டியலை எடுத்தேன். பதினான்காவது வரியில் உங்கள் பெயர். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரலில் உணர்ச்சி இல்லாத மாதிரி நெஞ்சிலும் இல்லை. பக்கத்தில் யாரோ பேனர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள், வந்துவிட்டது என்றேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். பிறகு குப்பியை உருக வைத்து மெஷினில் ஓட்டினேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் ஓட்டினேன். இரண்டு தடவையும் அதே உயரத்தில் போய் நின்றது.

எங்கள் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட வேண்டும், கீழே உள்ளது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'மாதிரி கெட்டது' என்பதன் மேல் கோடு போட்டேன். 'மாதிரி நன்றாக இருந்தது' என்று எழுதினேன். நோட்டைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, உங்களுக்குத் தெரியும்.

"இனிமே அவங்க வீட்ல போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுதும்மா?" என்றார்.

"தெரிஞ்சா சொல்லிருவோம்னு படிச்சுக் காட்டினேங்க சார்."

நோட்டை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த வருஷம் ரத்தம் கொடுத்தவர்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், ரிசல்ட்டை எழுதி ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சொல்லுவோம் என்றேன். ஒத்துக்கொண்டார். வாட்ச்மேனுக்குத்தான் வருத்தம். "வெறும் சீட்டுதாங்களா? போன தடவையெல்லாம் அட்டை குடுத்தீங்களாமே, மாட்டி வைக்கிற மாதிரி" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

வாரம் முழுக்க நடந்தது. கோலத்துக்குப் பரிசு கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கத்தினார்கள். நான் போஸ்டருக்கு எதிரில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒன்றும் மறக்கவில்லை, ஒரு வார்த்தை தடுமாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசி நாள் நிறைவு விழாவுக்கு எல்லாரும் ஹாலுக்குள் போனதும் வெளியே வந்து பாப்பாரப்பட்டி பஸ் ஏறினேன்.

அண்ணி வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தை நகர்த்தி இடம் விட்டார். உள்ளே சுவரில் மாலை போட்ட உங்கள் படம் தெரிந்தது. பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தச் சான்றிதழும் இருந்தது. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்ணி, அண்ணாவோட ரத்தத்துல அப்பவே தெரிஞ்சிருக்குது. நாங்க சொல்லலை. நான் சொல்லலைங்க."

"எப்பங்க?"

"அந்த அட்டையைக் குடுக்கறதுக்கு முன்னாலயே. கெட்டுப்போன ரத்தம்னு எழுதி எடுத்துட்டேன். கெட்டுப் போகலை. நான் பாக்கவே இல்லை."

அவர் கை நிற்கவில்லை. நாலைந்து காயை உரித்து முறத்தில் போட்டார். பிறகு காயைப் பார்த்தபடியே பேசினார்.

"கால் வீங்குனப்பவே நான் சொன்னேனுங்க, ஆசுபத்திரிக்குப் போலாம்னு. தெனமும் சண்டை. அந்த அட்டையத்தான் காட்டுவாரு. 'நம்ம லேப் பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்குது பாரு, அது தப்பாப் போடாது'ன்னுவாரு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குள் ஏதாவது உடையும் என்றுகூட நினைத்துப் போயிருந்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். ஸ்டூலைப் போட்டு ஏறிச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினார். முந்தானையால் தூசியைத் துடைத்து, வெளியே வந்து என் கையில் கொடுத்தார்.

"இதை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க. எங்க வூட்டுல வேண்டாம்."

டீ வைத்துக் கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

சட்டம் என் கைப்பைக்குள் முழுசாக அடங்கவில்லை, ஒரு முனை வெளியே நிற்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களை இடிக்கிறது. வீட்டில் வைக்கவும் இடம் தோன்றவில்லை, லேபில் வைக்கவும் தோன்றவில்லை, அதனால் தினமும் கொண்டுபோய்த் தினமும் கொண்டுவருகிறேன். ரிசல்ட் சீட்டில் கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் அதை எடுத்து மேஜைமேல் வைப்பேன். ஆரோக்கியமான தன்னார்வலர், உங்கள் பெயர், அடியில் சாட்டை மாதிரி என் கையெழுத்து. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய் ஃப்ரீசரைத் திறந்து, ஒவ்வொரு குப்பியாகப் பனியைத் துடைத்து நிறம் பார்க்கிறேன். ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதில்லை. விரல் மரத்துப் போகிறது, அண்ணா. அவ்வளவுதான்.