உரசிப் பார்த்த வாட்ச்

பிரிக்பீல்ட்ஸ்,
3 மார்ச் 2025

அன்புள்ள என்னங்க,

சாப்பிட்டீர்களா? வயிற்றுப் புண்ணை வைத்துக்கொண்டு வெறும் காப்பியைக் குடித்துவிட்டு, கப்பல் வேலை என்று போர்ட்டுக்கு ஓடாதீர்கள். போனில் பேசினால் அத்தைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். அதனால்தான் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன்.

உங்கள் தங்கை லோகேஸ்வரியின் நிச்சயதார்த்தத்துக்காகப் பழைய நகையை மாற்றப் போன அத்தை, கல்யாணத்தில் அப்பா உங்களுக்குக் கட்டிவிட்ட வாட்சையும் கொண்டுபோய், பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரசிப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் முலாம் போய்ப் பித்தளை தெரிந்துவிட்டது. "தங்கம்னு சொல்லி பித்தளைய நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். நீங்கள் சோறு பிசைந்துகொண்டிருந்தீர்கள். அதனால்தான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மணவறையில் நான் பக்கத்தில்தானே நின்றேன்? "மாப்பிள்ளை, இது தங்கமில்ல, முலாம்தான். என் கல்யாணத்துக்கு வாங்கினது, நல்லா ஓடும்" என்றார் அப்பா. நீங்களும் "பரவாயில்ல மாமா" என்றீர்கள். அதை அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றைக்கே கிளம்பி வருகிறேன்.

உங்கள்
வள்ளி

*

கிள்ளான்,
8 மார்ச் 2025

அன்பு வள்ளிக்கு,

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றக்கூட ஆளில்லை. கோபம் போதும்லா.

வாட்சுக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன். முலாம் போன இடத்தில் வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும், திரும்பப் பூசினாலும் பழைய நிறம் வராது என்று ரிப்பேர்காரர் சொன்னார். அதே கம்பெனியின் பழைய வாட்ச் ஒன்று அவரிடம் இருந்தது, வெளிக்கூடான கேஸ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாமா வாட்சின் மெஷினைக் கழற்றி அதற்குள் போட்டாயிற்று. ஸ்டீலை எவ்வளவு உரசினாலும் உள்ளேயும் ஸ்டீல்தான். இனி யாரும் வாய் திறக்க முடியாது.

அம்மாவுக்கு ப்ரஷர். நிச்சயம் முடியட்டும், மெதுவாகச் சொல்கிறேன். 23ஆம் தேதி மாமாவோடு வந்துவிடு. நீ இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்.

அன்புடன்
கமலநாதன்

*

பிரிக்பீல்ட்ஸ்,
12 மார்ச் 2025

என்னங்க,

நல்லா இருக்கு உங்கள் நியாயம்! கேஸை மாற்றிவிட்டால் அத்தை சொன்ன சொல் இல்லையென்று ஆகிவிடுமா? அவர் உரசியது என் அப்பாவை.

அப்பாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. உங்களுக்கு நைட் ஷிப்ட், அதனால் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறார். நிச்சயத்துக்கு இப்போதே வேட்டியை அயர்ன் பண்ணி வைத்துவிட்டார். வந்தால் முதலில் உங்கள் கையைத்தான் பார்ப்பார். அதற்குள் அத்தையிடம் சொல்லிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வள்ளி

*

பிரிக்பீல்ட்ஸ்,
24 மார்ச் 2025

திரு. கமலநாதனுக்கு,

நேற்று அப்பா "நம்ம வாட்ச் எங்க மாப்பிள்ளை?" என்று ஆசையாகத்தான் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "பித்தளைய எத்தன நாளைக்குக் கட்டுறது சம்பந்தி? நல்ல ஸ்டீலா மாத்திட்டான்" என்றார். கூடம் முழுக்க ஆட்கள். அப்பா உங்களைப் பார்த்தார். நீங்கள் வெற்றிலைத் தட்டை நேராக்கிக்கொண்டிருந்தீர்கள்.

அப்பா கை கூப்பினார். "கடைக்காரன் என்னைய ஏமாத்திட்டான் சம்பந்தியம்மா. தங்கம்னு நெனச்சுத்தான் குடுத்தேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோமுட்டர் ரயிலில் திரும்பும்போது எனக்கு அழுகை நிற்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "மாப்பிள்ளைய அவங்கம்மா முன்னாடி எப்படிம்மா மாட்டிவிடுறது?" என்றார் அப்பா. போர்ட் வேலைக்கு ஸ்டீல்தான் லாயக்கு என்றும் சொன்னார்.

மெஷினை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நல்லா ஓடும். உரசிய கேஸைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதை மட்டும் இந்த முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். நான் வரமாட்டேன்.

காலையில் வெறும் காப்பியோடு போகாதீர்கள்.

சபாபதி மகள்
அமுதவள்ளி