இரண்டாவது டிஸ்க்

15.2.2004, ஞாயிறு
அரையாண்டில் ஹாக்கிப் பெண்கள் மூன்று பேர் பெயில். அதனால் கோச் முப்பிடாதி சார் ஓர் ஆங்கிலப் படம் போட்டார். பிளேயர் என் டிவி ரிப்பேர் கடையுடையது, நானும் போனேன். படத்தில் ஓட்டக்காரி ஒருத்தி கணக்கில் பெயில். கோச் அவளை அணியிலிருந்து நீக்குகிறார். ஊரே கத்துகிறது, மனிதர் அசையவில்லை. அந்த இடத்தில் முதல் டிஸ்க் முடிந்தது. இரண்டாவது ஓடவில்லை.
"மெக்கானிக்காம்!" என்றாள் அதே அணியில் ஆடும் என் தங்கை காளீஸ்வரி, எல்லார் முன்னாலும்.

17.2
டிஸ்கில் பற்பசை தேய்த்தேன். லென்ஸைத் துடைத்தேன். ம்ஹூம். அந்தப் பெண் ஓடினாளா, பாஸானாளா? ஒரு படத்துக்கா இவ்வளவு யோசனை?

22.2
மாநில அணித் தேர்வு மதுரையில், மார்ச் 15. அன்றுதான் காளீஸ்வரிக்கு பிளஸ் டூ வேதியியல். சார் வீட்டுக்கே வந்துவிட்டார்.
"கெமிஸ்ட்ரிய ஜூன்ல எழுதிக்கிடலாம்ட்டி. செலக்‌ஷன் திரும்ப வராது."
படம் போட்ட அதே மனிதர்!
"அந்தப் படத்துக் கோச் இப்படியா சார் சொன்னாரு?" என்றேன்.
"ஏலே, அது படம்."
அம்மா வேறு, "அண்ணன் வெளையாடிக்கிட்டே டிப்ளமோ முடிக்கலையா?" என்றாள்.
எந்த டிப்ளமோ? 1999-இல் இதே சார் சொல்லித்தான் கணக்கு இரண்டாம் தாளை விட்டுவிட்டு டோர்னமென்டுக்குப் போனேன். கப் டிவி மேல் இருக்கிறது. தாள் இன்னும் அரியர். டிப்ளமோ கிடையாது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

1.3
டிஸ்க் ஓடிவிட்டது! பளிச்சென்ற படம் — கழுகுமலையில் யாரோ கல்யாணம். வாடகைக்குக் கொடுத்த கயத்தாறு கடைக்குப் போன் போட்டேன். அவர்கள் கல்யாண வீடியோவும் காப்பி போடுகிறவர்கள்.
"படத்தோட டிஸ்க் எங்க அண்ணாச்சி?"
"அப்ப அது கல்யாண வீட்டுக்குப் போயிருக்கும் தம்பி. அவிய இன்னும் ஒண்ணும் சொல்லலியே."
நான் சிரித்தேன். காளீஸ்வரி சிரிக்கவில்லை. "அப்போ முடிவு தெரியாதாண்ணே?" இவளும் அதற்காகவா காத்திருந்தாள்?
சொல்லிவிட்டேன். அரியர், கப், எல்லாம், அம்மா முன்னாலேயே.
"அஞ்சு வருசமா பொய்யாலே சொன்ன?" அம்மா கப்பைக் கவிழ்த்து வைத்தாள்.

15.3
காளீஸ்வரி பரீட்சைக்குப் போனாள். மதுரைக்குப் போன அவள் டீம் பொன்மணியை அணியில் எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் ஸ்டிக்கைத் துடைத்து மூலையில் சாத்தினாள். என்னோடு பேச்சில்லை. நான் சொன்னது சரிதானா? என்ன எழவோ, தெரியவில்லை.

28.5
பாஸ். வேதியியலில் 141. இன்னும் பேச்சில்லை.

20.10.2004, புதன்
ஹால் டிக்கெட்டைக் காணோம். பத்து மணிக்குக் கணக்கு இரண்டாம் தாள். வீட்டைப் புரட்டிப் போட்டுக் கத்தினேன். காளீஸ்வரி, காலேஜ் டீம் பனியனோடு ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவேயில்லை.
"டிவி மேல பாரு."
கப் நிமிர்ந்து நின்றது. உள்ளே ஹால் டிக்கெட், இரண்டு பேனா.
"இன்னைக்கு மேட்ச் எதுவும் இல்லல்லா?" என்றாள்.