பெட்டி மணக்கிற சுருட்டு

12.2.2007, திங்கள்

தம்பி கல்யாணத்துக்கு ஏழாயிரம்பண்ணை அம்மா வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு இன்றுதான் சிவகாசி திரும்பி பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. புதுச் சுருட்டுப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. திண்டுக்கல் கம்பெனி முதன்முதலாக விடுகிற உயர்ரகச் சுருட்டுக்கு நாங்கள் அடித்துக் கொடுப்பது. பொன் எழுத்து, மூடிக்கு உட்புறமும் படம், அதன்மேல் வார்னிஷ். மாதிரிக்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்த சுருட்டை எடுத்து மோந்தேன். புகையிலை மணக்கவில்லை, பெட்டிதான் மணந்தது.

முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சியிடம் சொன்னேன். மோந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா." மெஷின்காரர் காமராஜ் மோந்தார், ஒட்டுகிற அக்காக்கள் மோந்தார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும், வருஷக்கணக்கா இதுக்குள்ளயே கிடக்கிற மூக்கு!

மதியம் சாப்பிட்டு வந்து மறுபடி மோந்தேன். எனக்கும் தெரியவில்லை.

13.2, செவ்வாய்

இது பிரஸ்ஸில் கழிவில் தள்ளிய டைரி. பதிமூன்றாம் தேதி இரண்டு முறை அச்சாகியிருக்கிறது. இன்றைக்குப் பட்ட பாட்டுக்கு ஒரு பதிமூன்றே போதும்.

காலையில் நெடி லேசாகத் தெரிந்தது, பத்து மணிக்குள் போய்விட்டது. லோடு 26ஆம் தேதி கிளம்ப வேண்டும், சென்னையில் வெளியீட்டு விழா. சரிபார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் லோடு ஏறும். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

"நேத்து நெடி அடிக்குதுன்ன, இன்னைக்கு இல்லைங்கிற. எதைத்தான்மா நம்புறது? அடிச்சாலும் குடிக்கையில தெரியவா போகுது?" என்றார் அண்ணாச்சி.

"குடிச்சுப் பாத்தாத் தெரியும்."

"யாரு, நீயா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆமா, நாந்தான். என்ன இப்போ?

15.2, வியாழன்

இரண்டு நாள் லீவு போட்டு மறுபடி அம்மா வீடு. மூக்கைக் காலி பண்ணணும்ல! கம்பெனி கட்டாக அனுப்பிய மாதிரியிலிருந்து ஒரு சுருட்டு, பெட்டியில் இருந்தது ஒன்று, இரண்டையும் தனித்தனியாகச் சுற்றி வீட்டுக்காரர் ஆண்டிச்சாமியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

18.2, ஞாயிறு

பட்டாசு ஷெட் எதுவும் பக்கத்தில் இல்லாத வறண்ட கண்மாயாகத் தேடிப் போனோம், அவரும் நானும். உட்கார்ந்த பிறகு பார்த்தால் தீப்பெட்டி இல்லை. "பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குறவன் பையில தீப்பெட்டி இருக்குமா புள்ள? கேட்லயே தடவிப் பாத்துருவாக" என்கிறார். சிவகாசியில் இருந்துகொண்டு தீப்பெட்டிக்கு மூன்று மைல் வண்டியில் போய் வந்தார் ஆண்டிச்சாமி!

எது எந்தச் சுருட்டு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். முதல் இழுப்பை விழுங்கித் தொலைத்தேன். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. "உள்ள இழுக்காத புள்ள, வாயில வச்சு விட்டுரு." பிறகு பிடிபட்டது.

ஒன்று: சீராக எரிகிறது. சாம்பல் வெள்ளை, அரை விரல் நீளம் வரை உதிரவில்லை. மூன்றாவது இழுப்பில் வறுத்த கடலைத்தோல் மணம். அப்புறம் கருப்பட்டி அடிப்பிடித்த மாதிரி ஒரு கசப்பு, நல்ல கசப்பு. பாதிக்கு மேல் நாக்கு நுனியில் மிளகு. நல்ல சரக்கு, சும்மா சொல்லக் கூடாது.

இரண்டு: அதே எரிப்பு, அதே சாம்பல். வாயில் மட்டும் பெயிண்ட் அடித்த கதவை நக்கின மாதிரி. கடலையும் இல்லை, கருப்பட்டியும் இல்லை.

"ரெண்டாவதுதான் பெட்டியில இருந்தது." சரி என்றார். குருட்டாம்போக்கில் சரியாகியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றித் தரச் சொன்னேன். ஐந்து தடவை. ஐந்தும் சரி. தலை கிறுகிறுத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன்.

19.2, திங்கள்

"பொம்பள சுருட்டு குடிச்சுச் சொல்லுதான்னு நான் கம்பெனியில போய்ச் சொல்லவா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணாச்சி. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடலைன்னா போய்ப் பசை தடவு. வேற ஆள் போடுவான்."

ஒம்போது வருசம்! ஒரு நிமிசத்துல தூக்கிப் போட்டுட்டாரு. அழுகையா வந்துச்சு. அவர் முன்னால அழல.

20.2

பசை மேசை. கை பிசுபிசுவென்று இருக்கிறது.

22.2, வியாழன்

பெட்டியின் பக்கவாட்டில் கம்பெனி நம்பர் இருக்கிறது. பிழை பார்த்தவளே நான்தான், மனப்பாடம். பூத்திலிருந்து பேசினேன். புகையிலை கலக்குகிற சங்கிலிமுத்து என்பவரிடம் கொடுத்தார்கள். வேலை மொத்தமாகப் போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடலைத்தோல் மணம் எத்தனாவது இழுப்புல வந்துச்சு?"

"மூணாவதுல."

"நாளைக்கு வாரேன்."

23.2, வெள்ளி

வந்தார். கேட்டிலேயே மூக்கைச் சுளித்தார். பெட்டிச் சுருட்டை எதிர் டீக்கடையில் பற்றவைத்து ஒரே இழுப்பு, தூ என்று துப்பிவிட்டு அண்ணாச்சியிடம் நீட்டினார். "நான் கலந்தது இதுல எங்க இருக்குன்னு நீங்களே குடிச்சுக் காட்டுங்க." அண்ணாச்சி கை நீட்டவில்லை.

விழாவை மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள். உட்புறம் வார்னிஷ் இல்லாமல் புதிதாக அடித்து, காற்றாட வைத்துத்தான் அனுப்ப வேண்டும். "போன் போட்டது யாரு?" என்று அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கத்தினார். பசைக் கையோடு எழுந்து நின்றேன். "நாந்தான்."

சங்கிலிமுத்து போகும்போது என்னிடம் வந்தார். "அந்தக் கடலைத்தோலுக்கு மூணு வருசம் பாடுபட்டேன்மா. கேக்காமலே சொன்ன மொத ஆளு நீங்கதான்."

19.3, திங்கள்

அண்ணாச்சி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் காலையில் போனால் என் பழைய மேசை வாட்ச்மேன் அறைப் பக்கம், வேப்பமரத்தடியில் கிடக்கிறது. மேலே கையெழுத்துப் போடுகிற நோட்டு. என்னவென்று காமராஜிடம் கேட்டேன். "அண்ணாச்சிதான் போடச் சொன்னாக. உள்ள இருந்தா உன் மூக்கும் எங்க மூக்கு மாதிரி ஆயிருமாம்."

24.3, சனி

திண்டுக்கல்லில் இருந்து பார்சல். "மாரிசெல்வி அவர்கள்" என்று மேலே எழுதியிருக்கிறது. உள்ளே அடுத்து விடப்போகிற ரகத்தில் நாலு சுருட்டு, கூடவே நான் குடித்துப் பார்த்து எழுதி அனுப்ப ஒரு வெள்ளைத்தாள். கலவையில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

நாளை கண்மாய்க்குப் போகிறோம். தீப்பெட்டியை இப்போதே என் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.