என் பெயரில் அவர் வாய்

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் அடைத்துக் கத்தியதில் என் தொண்டை போயிற்று. வீட்டுக்கு வந்தால், சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் மருமகன் ஒரு ஃபோனோடு உட்கார்ந்திருக்கிறான். வாய்க்குள் படம் எடுத்தால், புற்றுநோய் இருக்குமா என்று அதுவே சொல்லுமாம். செயற்கை நுண்ணறிவாம். பாக்கும் சுண்ணாம்பும் மெல்லாத வாய் இந்த மடாங் ஊரில் ஏது? எல்லாரும் காட்ட வேண்டுமாம்.

மருமகன் எதிரில் நான் ஒரு வாய் சேம்பு தின்றதில்லை. நேருக்கு நேர் பேசியதும் இல்லை. எங்கள் வழக்கத்தில் எந்த மாமியார் செய்வாள்? அவனுக்கு இந்தச் சிவந்த பல்லைக் காட்டி ‘ஆ’ என்பேனா?

மார்ச் 5

மகள் ரோஸ்லின் தூது வந்தாள். “ஃபோன்தாம்மா பாக்கும், அவரு பாக்க மாட்டாரு.”

“ஃபோனு யாரு கையில இருக்கும்?”



மார்ச் 6

என் வீட்டுக்காரர் மலும் யோசனை சொன்னார்.  “அந்த ஃபோன வாங்கிக் குடு. என் வாயப் புடிச்சு உன் பேர்ல அனுப்பிடறேன். எல்லா வாயும் ஒண்ணுதான்.”

அவருக்குத் தனியாகச் சோதனை வேண்டாமாம். அவர் வாய் இரும்பாம்! ரோஸ்லினிடம் ஃபோனை வாங்கி அடுப்படியில் வைத்து எடுத்தோம். முதல் படத்தில் அவர் கட்டைவிரல். இரண்டாவதில் என் விரல். மூன்றாவது தேறியது. அனுப்பிவிட்டுச் சிரித்ததில் எனக்குப் புரையேறியது.

மார்ச் 9

மருமகன் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு வாசலில் நிற்கிறான். ரோஸ்லின் அழுகிறாள். ஃபோன் சிவப்புக் காட்டியதாம். படத்தைப் பார்த்த டாக்டரும் அம்மாவை உடனே கூட்டி வரச் சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “எனக்கு ஒண்ணுமில்லடி, அது—”

சொல்லி முடிக்கவில்லை. மலும் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

மார்ச் 10

பாவி மனுஷன். வலிக்குதுன்னு ரொம்ப நாளா மறுபக்கமே மென்னுக்கிட்டு இருந்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்துலயே உக்காந்து மென்ன நானும் பாக்கல. என்ன பொண்டாட்டி நான்? பயமா இருக்கு.

மார்ச் 27

மலும் வாயிலிருந்து சோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கின் முடிவு வந்தது. புற்றுதான். சின்னது, வெட்டி எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். மலுமுக்கு ஃபோன் மீதுதான் கோபம். “உன் பேர்லதானே அனுப்பினோம். என்னய ஏன் புடிச்சுது?”

ஏப்ரல் 21

ஆபரேஷன் முடிந்து மலும் வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்துக்குப் பரவவில்லை. கன்னம் முழுக்கத் தையல். கஞ்சி மட்டும்தான்.

மாலையில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு மருமகன் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஃபோனை நீட்டினான். படத்தில் விழுந்தது என் மூக்கு.

“கண்ணத் தொறங்க மாப்ள” என்றேன். ரோஸ்லின் திகைத்துவிட்டாள். அவன் திறந்தான். நானும் திறந்தேன்.

பச்சை. ஒன்றும் இல்லை.

பாயில் படுத்திருந்த மலும் குழறினார். “அன்னிக்கே நீ ஒழுங்கா வாயக் காட்டியிருந்தா, நான் செத்திருப்பேன்டி.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது. நான்தான் அழுதேன்.