'நோ'வுக்குப் பின் ஒரு காற்புள்ளி

அக்கா,

தம்பானூரில் நான் வேலை பார்க்கும் லாட்ஜுக்கு இன்று காலை புதுப் பலகை வந்தது. பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. 'ரூம்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில், கடைசி எஸ்ஸுக்கு முன்னால் காற்புள்ளி மாதிரி தேவையில்லாத ஒரு குறி மேலே தொங்கியது. சிரிப்பு வந்தது. கூடவே நீயும் வந்தாய். நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது.

பொன்முடி தேயிலைத் தோட்டத்து லயத்தில் நமக்கு அடுத்தடுத்த வீடு. சாயங்கால பஸ்ஸை மலையடிவாரத்தில் கல்லாற்றோடு திருப்பத் தொடங்கியபோது, மேலே வர ஜீப் கிடைத்தால் உண்டு என்றாகிவிட்டது. உன் மகள் காலேஜை நிறுத்திவிடுவதாக இருந்தாள்.

நமக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. பன்னிரண்டாவது படித்தவள் என்று ஆங்கிலத்தில் மனு எழுத லயத்துக்காரர்கள் என்னைப் பிடித்தார்கள். மனு போனதும், கல்லாறு வரை வந்தால் போதாதா என்று பஸ் டிப்போவிலிருந்து கேட்டு எழுதினார்கள். 'நோ பஸ் ஷுட் கம் அப்' என்று பதில் போட்டேன். போதாது, பஸ் மேலே வர வேண்டும் என்பதுதான் என் மனதில். 'நோ'வுக்குப் பின் காற்புள்ளி வைக்காததால், எந்த பஸ்ஸும் மேலே வரக்கூடாது என்றாகிவிட்டது.

பஸ் வரவில்லை. நாம் இருவரும் டிப்போவுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி என் தாளை எடுத்துக் காட்டினார்.

"பஸ் வேண்டா என்னல்லே எழுதியிரிக்குந்நது? ஆரா இது எழுதியது?"

பஸ் வேண்டாம் என்று எழுதியது யார் என்று அவர் கேட்டதும் நான் பின்னால் ஒதுங்கினேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாத நீ முன்னால் போனாய்.

"ரெண்டு பேருமாத்தான் எழுதுனோம் சாரே. என்ன தப்புன்னு சொல்லுங்க, திருத்தித் தாறோம்."

அவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். நான் காற்புள்ளி வைத்ததை நீ குனிந்து பார்த்தாய்.

"இம்புட்டுதானா? எறும்புக் கால் மாதிரில்லா இருக்கு."

அடுத்த வாரமே பஸ் மேலே ஏறி வந்தது. உன் மகள் படிப்பை முடித்து இப்போது நெடுமங்காட்டில் வேலைக்குப் போகிறாள். என் பிழையை நீ லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "அவ எழுதித்தான் பஸ் வந்துச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டாய்.

ஆங்கிலம் எனக்கு இன்றும் தப்பும், அக்கா. பெரிய எழுத்து வர வேண்டிய இடத்தில் சின்ன எழுத்து விழுந்துவிடும். யார் எழுதியது என்று மேனேஜர் கேட்டால் நான்தான் என்று சொல்லித் திருத்திக் கொடுக்கிறேன். பக்கத்து மேசையில் யாராவது பிழையோடு மாட்டிக்கொண்டால், கூப்பிடாமலே எழுந்துபோய் அவர்கள் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.