நிமிர்ந்து நின்ற வௌவால்

அண்ணே,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. கோச்சடையில் நீங்கள் இருந்த வீட்டை உங்கள் மகன் காலி செய்தபோது, "இது உங்ககிட்ட இருக்கட்டும் டீச்சர்" என்று கொடுத்த ஸ்லைடு பெட்டி. பூஞ்சை பிடிக்காமல் இருக்க நீங்கள் போட்ட உருண்டைகள் கரைந்தே போய்விட்டன. வாசம் மட்டும் போகவில்லை. ஒரு ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் ஸ்டுடியோ வைத்திருந்தீர்கள். கல்யாணப் படம், தியேட்டர்களுக்கு விளம்பர ஸ்லைடு. வௌவாலைப் படம் பிடிக்க ஆள் தேடி நான் வந்தபோது மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் மட்டும், "எப்ப போகணும்?" என்று கேட்டீர்கள்.

டி. கல்லுப்பட்டிக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்துக் கண்மாய்க்கரை. ஆலமரம் முழுக்கப் பழந்தின்னி வௌவால்கள். மரத்தடியில் துண்டை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்வீர்கள். மேலே இருந்து எச்சம் விழும். துடைத்துக்கொண்டு மறுபடியும் கேமராவில் கண்ணை வைப்பீர்கள். ஃபிளாஷ் போட்டால் மிரண்டு போகும் என்று நான் ஒரே ஒரு முறைதான் சொன்னேன்; அதற்குப் பிறகு அதைக் கொண்டுவரவே இல்லை. "கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய கொஞ்சம் சிரிங்கன்னு சொல்லலாம். இதுககிட்ட சொல்ல முடியுமா டீச்சர்?" என்பீர்கள். குட்டியை இறக்கைக்குள் அணைத்தபடி தொங்கும் தாயின் அந்த ஒரு படத்துக்காக எத்தனை நாள் போனோம் என்று எனக்குக் கணக்கில்லை.

அந்த மரத்தைத்தான் வெட்டப் பார்த்தார்கள். பக்கத்துக் கொய்யாத் தோட்டக்காரர் ஊர்க்கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றார். "அம்புட்டுப் பழத்தையும் தின்னுட்டுப் போயிருது. மரம் இருந்தாத்தான வந்து தொங்கும்?" மறுநாள் முடிவு. கெஞ்சிக் கேட்டதில், அதற்கு முன் ஊருக்குப் படம் காட்ட எங்களுக்கு ஒரு மதிய நேரம் கிடைத்தது.

பள்ளிக்கூட அறையின் ஜன்னல்களில் ஜமுக்காளம் கட்டி இருட்டாக்கினோம். முதல் ஸ்லைடு வருவதற்குள் நான் லத்தீன் பெயர், விதை பரவல் என்று பேசிப் பேசிப் பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன். பிறகு நீங்கள் படத்தைப் போட்டீர்கள்.

திரையில் வௌவால் நிமிர்ந்து நின்றது! தலை மேலே, கால்களுக்கு அடியில் கிளை. புரொஜெக்டரில் தலையைக் கீழே வைத்துச் செருகினால்தான் திரையில் ஆள் நேராகத் தெரிவார். காலமெல்லாம் விளம்பர ஸ்லைடு போட்ட கை, தொங்குகிற வௌவாலையும் பழக்கத்தில் அப்படியே தலையைக் கீழே வைத்துச் செருகிவிட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "தலைகீழாப் போட்டுட்டீங்களேண்ணே! எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க!" என்று ஊர் முன்னால் கத்தினேன். நீங்கள் உங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிர மொழியில் ஏதோ முணுமுணுத்தபடி ஸ்லைடை உருவப் போனீர்கள்.

"எடுக்காதீங்கய்யா, இருக்கட்டும்!" முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்துவிட்டாள். "ஏத்தா, இங்க பாரு. புள்ளைய இடுக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரியில்ல இருக்கு!"

அறையே சிரித்தது. அப்புறம் சிரிப்பு அடங்கி, எல்லோரும் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் கண், அந்த மூக்கு, தாயின் மார்பில் ஒட்டிக்கொண்ட குட்டி. பிறந்ததிலிருந்து அந்த மரத்தடியில் நடந்தவர்கள் அன்றைக்குத்தான் ஒரு வௌவாலின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்களே கேள்வி கேட்டார்கள். நான் பதில் சொன்னால் போதுமென்று ஆனது.

மறுநாள் கூட்டத்தில் கொய்யாத் தோட்டக்காரரே எழுந்தார். "நான் வலை போட்டுக்கிறேன். மூஞ்சியப் பாத்துட்டோம்ல, இனி எப்படிய்யா வெட்டுறது?"

அதன்பின் விளாங்குடிப் பள்ளிக்கூடம் வரை எங்கே படம் காட்டப் போனாலும் நிமிர்ந்த படம்தான் முதலில். ஆனால் இந்த வேலையைப் பற்றி நான் எழுதிய அறிக்கையில், மக்களுக்கு முகம் தெரிய வேண்டும் என்று யோசித்து நானே கையாண்ட உத்தி அது என்று போட்டுக்கொண்டேன். ஸ்டுடியோவில் வைத்து நீங்கள் அதைப் படித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்" என்றீர்கள். ஒரு குத்தல் இல்லை, ஒரு கேலி இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் ஒரு கல்லூரியில் அந்தப் படத்தைக் காட்டிப் பேசப் போயிருந்தேன். "இந்த ஐடியா உங்களுக்கு எப்படி மேடம் வந்துச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு வரவில்லை என்றேன். உங்கள் பெயரைச் சொன்னேன். தியேட்டருக்கு ஸ்லைடு போட்ட உங்கள் கையின் பிழை அது, அதற்காக உங்களை ஊர் முன்னால் திட்டியவள் நான் என்றும் சொன்னேன். சொல்லும்போது தலை குனியவில்லை அண்ணே. அப்படிப்பட்ட ஒருவரோடு மரத்தடியில் எச்சம் பட்டுக்கொண்டு கிடந்தவள் நான் என்ற பெருமைதான் மேலே நின்றது.